மோட் போடலாமா? வாசகர் கேள்வி பதில்

கம்ப்யூட்டர் கேம்களில் ஆடுகிறவர்களே செய்து சேர்க்கும் மாற்றங்கள், அதாவது மோட்கள், பற்றி வந்த கேள்விகளிலிருந்து எடுத்தவை இவை. ஒரே சிக்கலைப் பலர் கேட்டிருந்த இடத்தில் ஒரே பதிலாகச் சேர்த்திருக்கிறோம்.

கே: ஒரு கேமைச் செய்தவர்களுக்குத் தெரியாததா ஆடுகிறவர்களுக்குத் தெரிந்துவிடப் போகிறது? மோட்களுக்கு இவ்வளவு மதிப்பு கொடுப்பது ஏன்?

ப: இதற்கு வழக்கமாகப் பெரிய பெயர்களை வரிசையாகச் சொல்வார்கள். ஹாஃப்-லைஃப் கேமுக்கு மோடாக 1999-ல் வந்த கவுன்டர்-ஸ்ட்ரைக்கை அடுத்த ஆண்டே வால்வ் நிறுவனம் வாங்கிக்கொண்டது. வார்கிராஃப்ட் 3-ன் மேப் எடிட்டரில் பிறந்த டோட்டாவின் வழியில்தான் லீக் ஆஃப் லெஜண்ட்ஸும் டோட்டா 2-ம் வந்தன. 2012-ல் ஆர்மா 2-க்கு வந்த டேஇசட் மோட், மூன்று வயதான அந்த கேமை மறுபடி விற்பனைப் பட்டியலின் உச்சிக்குக் கொண்டுபோனது. அதன் மேல் கட்டப்பட்ட பேட்டில் ராயல் மோட் 2017-ல் பப்ஜி ஆயிற்று. எல்லாம் உண்மைதான். ஆனால் இவை விதிவிலக்குகள்.

எங்களைக் கேட்டால், மோட்டின் நிஜ மதிப்பு கண்ணில் படாத வேலையில் இருக்கிறது. டார்க் சோல்ஸ் 2012-ல் பிசிக்கு வந்தபோது, எந்த மானிட்டரில் ஆடினாலும் உள்ளே 1024×720 அளவில்தான் படம் வரைந்துகொண்டிருந்தது. அதை உடைத்தது டிஎஸ்ஃபிக்ஸ் என்ற சின்ன மோட். வேம்பயர்: த மாஸ்க்கரேட் பிளட்லைன்ஸ் 2004-ல் பிழைகளோடு வெளியானது. செய்த நிறுவனம் அடுத்த ஆண்டே மூடப்பட்டது. இன்று அதை முழுக்க ஆடி முடிக்க முடிகிறதென்றால், இருபது ஆண்டுகளாகத் தொடரும் ரசிகர் பேட்ச்தான் காரணம். அவசரமாக வெளியிடப்பட்ட நைட்ஸ் ஆஃப் த ஓல்ட் ரிபப்ளிக் 2-ல் வெட்டிப் போட்ட காட்சிகளைத் திரும்பக் கோர்த்துக் கொடுத்ததும் ரசிகர்கள்தான்.

செய்தவர்களுக்கும் லாபமில்லாமல் இல்லை. 1993-ல் வந்த டூம், மேப், படம், ஒலி எல்லாவற்றையும் புரோகிராமிலிருந்து பிரித்து 'வேட்' என்ற தனி ஃபைலில் வைத்தது. அதனால் யாரும் புது மேப் செய்து ஏற்றலாம். ஆனால் இலவச ஷேர்வேர் பதிப்பு வெளி வேட் ஃபைல்களை ஏற்காது. புது மேப் ஆட ஆசைப்பட்டவர் முழு கேமை வாங்கித்தான் ஆகவேண்டும். தாராளமும் வியாபாரமும் ஒரே முடிவில் இருந்தன.

கே: ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷனில் நிறைய மோட் போட்டிருக்கிறேன். மெயின் மெனு வருவதற்கு முன்பே கேம் மூடிக்கொள்கிறது. எந்த மோட் காரணம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: மெனுவுக்கு முன்பே விழுவது ஒரு வகையில் நல்லது. ஐந்து மணி நேரம் ஆடியபின் விழுவதைத்தான் பிடிப்பது கஷ்டம். மெனுவுக்கு முன் விழ இரண்டு காரணங்களை முதலில் பாருங்கள்.

ஒன்று, மாஸ்டர் ஃபைல் இல்லாமை. ஒரு பிளக்-இன் (கேமின் டேட்டாவில் மாற்றம் செய்யும் மோட் ஃபைல்) வேறொரு பிளக்-இன்னில் உள்ள பொருளையோ இடத்தையோ திருத்துவதாக இருந்தால், அந்த மற்றது, அதாவது அதன் மாஸ்டர், இல்லாதபோது கேம் அப்படியே விழும். மோட்களை நிர்வகிக்கும் மோட் ஆர்கனைசர் 2 ஆப்பைப் பயன்படுத்தினால் வலப்பக்கப் பட்டியலில் எச்சரிக்கைக் குறி தெரியும். மவுஸை அதன் மேல் வைத்தால் எது இல்லை என்று பெயரையே சொல்லும். அந்த மாஸ்டரை நிறுவுங்கள், அல்லது கேட்கிற பிளக்-இன்னை அணைத்துவிடுங்கள். பல மோட்கள் இன்ஸ்டால் ஆகும்போது, "இந்த மோட் உங்களிடம் உண்டா" என்று கேட்டு அதற்கேற்ற இணைப்பு பேட்சைப் போடும். அங்கே யோசிக்காமல் எல்லாவற்றையும் டிக் செய்வதில்தான் பெரும்பாலான மாஸ்டர் தொல்லைகள் தொடங்குகின்றன.

இரண்டு, வெர்ஷன் பொருந்தாமை. கேம் ஃபோல்டரில் உள்ள எக்ஸ்ஈ ஃபைலை ரைட் கிளிக் செய்து அதன் விவரங்களில் வெர்ஷன் எண்ணைப் பாருங்கள். 1.5.97 என்றால், பல மோட்கள் நம்பியிருக்கும் ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டரான எஸ்கேஎஸ்ஈ 2.0.20 வேண்டும். 1.6.640 என்றால் 2.2.3. 1.6.1170 என்றால் 2.2.6. கேம் புரோகிராமின் உள் முகவரிகளைத் தொகுத்துத் தரும் அட்ரஸ் லைப்ரரியும் 1.5-க்கு ஒன்று, 1.6-க்கு ஒன்று என்று இரண்டு தனித்தனி டவுன்லோடுகள். அதை மாற்றிப் போட்டால், கேம் புரோகிராமுக்குள்ளேயே கைவைக்கும் டிஎல்எல் வகை மோட்கள் மொத்தமாகப் படுத்துவிடும்.

இரண்டும் சரியாக இருந்தும் விழுகிறதா? பாதிப் பாதியாகப் பிரியுங்கள். 128 பிளக்-இன் இருந்தால் 64-ஐ அணைத்துவிட்டு ஓட்டுங்கள். ஓடினால் குற்றவாளி அணைத்த பாதியில். ஓடாவிட்டால் மிச்சப் பாதியில். அந்தப் பாதியை மறுபடி இரண்டாக்குங்கள். ஏழு சுற்றில் ஒரே ஒரு பிளக்-இன் மிஞ்சும். ஒரு மோடை அணைக்கும்போது அதை மாஸ்டராக நம்பியிருப்பவற்றையும் சேர்த்தே அணைக்க வேண்டும். இல்லையென்றால் நீங்களே புதிதாக ஒரு மாஸ்டர் கிராஷை உண்டாக்கிவிட்டு அதைத் துரத்திக்கொண்டிருப்பீர்கள். கிராஷ் லாகர் மோட் ஒன்று போட்டுவைப்பதும் நல்லது. மை கேம்ஸ் ஃபோல்டருக்குள் எஸ்கேஎஸ்ஈ ஃபோல்டரில் அது எழுதும் ஃபைலின் மேல்பகுதியில் ஒரு டிஎல்எல் அல்லது மெஷ் (பொருளின் 3டி வடிவம்) ஃபைலின் பெயர் திரும்பத் திரும்ப வந்தால், அங்கிருந்து தேடத் தொடங்கலாம்.

"லூட்டில் வரிசைப்படுத்திவிட்டேனே" என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். லூட் என்ற அந்தக் கருவி பிளக்-இன் வரிசையை மட்டுமே பார்க்கும். இரண்டு மோட்கள் ஒரே டெக்ஸ்சரையோ (பொருளின் மேல் ஒட்டும் படம்) மெஷ்ஷையோ மாற்றினால் எது ஜெயிக்கும் என்பதை மோட் ஆர்கனைசரின் இடப்பக்க வரிசைதான் தீர்மானிக்கிறது. அதை நீங்கள்தான் அடுக்க வேண்டும்.

கே: எத்தனை மோட் வரை போடலாம்?

ப: ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷனில் முழுப் பிளக்-இன்கள் 254, லைட் வகை எனும் சிறிய பிளக்-இன்கள் 4096. இது இன்ஜினின் கணக்கு. ஒவ்வொன்றும் எதற்காக இருக்கிறது என்று பட்டியலைப் பார்க்காமல் சொல்ல முடிகிற வரை, இது எங்கள் கணக்கு.

கே: எல்லாப் பொருளுக்கும் 4கே டெக்ஸ்சர் போட்டேன். 8 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தும் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் கேம் திக்குகிறது. ஏன்?

ப: கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். 4கே டெக்ஸ்சர் என்றால் 4096×4096, ஏறத்தாழ 1.68 கோடி பிக்சல். பிசி7 முறையில் சுருக்கினால் பிக்சலுக்கு ஒரு பைட், ஆக 16 எம்பி. தூரத்தில் காட்டுவதற்கான சிறிய பிரதிகளான மிப்மேப்கள் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகப் பிடிக்கும். மொத்தம் 21 எம்பிக்குக் கொஞ்சம் மேல். ஒரு பொருளுக்கு நிறப் படம் ஒன்று, மேடுபள்ளம் காட்டும் நார்மல் மேப் ஒன்று என்று குறைந்தது இரண்டு. கண்ணில் படும் நூறு விதப் பொருட்கள் இப்படி இருந்தால் 4 ஜிபிக்கு மேல் போயிற்று. அதன் மேல் நிழல், திரைக்கான பஃபர்கள், விண்டோஸ் எடுத்துக்கொள்வது எல்லாம் வரும். மெமரி நிரம்பியதும் டிரைவர் டெக்ஸ்சர்களை ராமுக்கும் கார்டுக்கும் இடையே மாற்றி மாற்றி நகர்த்தும். நீங்கள் திரும்பும்போது வரும் திக்கல் அதுதான்.

2கே என்றால் அதே டெக்ஸ்சர் 5.3 எம்பி, நாலில் ஒரு பங்கு. மேஜைமேல் கிடக்கும் கரண்டிக்கு 4கே போடுவது வீண். திரையில் அது அதிகபட்சம் 200 பிக்சல் அகலம் தெரியும். மலை, தரை, கதாபாத்திரத்தின் உடல் போன்று திரையை நிறைப்பவற்றுக்கு மட்டும் 4கே, கட்டடத்துக்கு 2கே, சில்லறைப் பொருளுக்கு 1கே போதும். சில மோட்களில் டெக்ஸ்சரைச் சுருக்காமலே போட்டுவிடுகிறார்கள். அப்படி ஒன்று மிப்மேப்போடு 85 எம்பி. 4096 அளவுள்ள ஒரு டிடிஎஸ் ஃபைல் டிஸ்க்கில் 60 எம்பிக்கு மேல் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

கே: பாதி ஆட்டத்தில் ஒரு மோடை நீக்கிவிட்டுத் தொடரலாமா?

ப: படத்தை மட்டும் மாற்றும் மோட் என்றால் தாராளமாக நீக்கலாம். டெக்ஸ்சர், மெஷ், ஒலி எதுவும் சேவ் ஃபைலுக்குள் போவதில்லை.

ஸ்கிரிப்ட், அதாவது கேமுக்குள் ஓடும் சிறு நிரல், உள்ள மோட் வேறு கதை. ஸ்கைரிமில் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்கிரிப்டின் நிலை சேவிலேயே எழுதப்படுகிறது. மோடை நீக்கினாலும் அது அனாதையாக உள்ளே கிடந்து, இல்லாத ஃபைலைத் தேடிக்கொண்டிருக்கும். உடனே ஒன்றும் ஆகாது. அதனால்தான் ஆபத்து: இருபது மணி நேரம் கழித்து சேவ் திறக்காமல் போகும்போது காரணத்தை யாரும் இந்த நீக்கலோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. "அன்இன்ஸ்டால் வசதி உண்டு" என்று மோட் பக்கத்தில் போட்டிருந்தாலும், அந்த ஆட்டம் முடியும்வரை விட்டுவைப்பதே மேல். நீக்கியே தீரவேண்டும் என்றால் மோட் போடுவதற்கு முந்தைய சேவுக்குத் திரும்புங்கள். பிளக்-இன்களைத் திருத்தும் எக்ஸ்எடிட் கருவியில் ஒரு பிளக்-இன்னை லைட் வகைக்குச் சுருக்குவதும் இதே ரகம்தான். உள்ளே இருக்கும் அடையாள எண்கள் மாறிவிடுவதால் நடப்பு சேவில் உள்ள பொருட்கள் காணாமல் போகும்.

மற்ற கேம்கள் கொஞ்சம் நேர்மையாக நடந்துகொள்கின்றன. ஸ்டார்டியூ வேலியில் மோட் தந்த பொருள், மோட் போனதும் 'எரர் ஐட்டம்' ஆகிவிடும். மைன்கிராஃப்டில் அந்த மோட்டின் கட்டைகள் உலகத்திலிருந்து மறைந்து, அவை இருந்த இடம் ஓட்டையாகிவிடும். ஃபேக்டோரியோவிலும் அந்த மோட்டின் இயந்திரங்கள் போய்விடும். மூன்றிலும் வழி ஒன்றே: நீக்குவதற்கு முன் சேவ் ஃபோல்டரைக் காப்பி எடுங்கள்.

கே: ஒவ்வொரு அப்டேட்டுக்கும் மோட்கள் செத்துப்போகின்றன. அப்டேட்டை நிறுத்த முடியுமா?

ப: கேம் விற்கும் தளமான ஸ்டீமில் "எப்போதும் அப்டேட் வேண்டாம்" என்ற தேர்வே கிடையாது. கேமின் பிராப்பர்ட்டீஸில் அப்டேட் பகுதிக்குப் போய், "தொடங்கும்போது மட்டும் அப்டேட் செய்" என்று வையுங்கள். ஸ்கைரிம் என்றால், அதன்பின் ஸ்டீமின் பிளே பட்டனைத் தொடாமல் எஸ்கேஎஸ்ஈ லோடர் வழியாகவே கேமைத் திறங்கள். இன்னும் உறுதியாக இருக்க, எல்லாம் ஒழுங்காக ஓடும் நாளில் கேம் ஃபோல்டரை முழுசாக வேறு டிரைவில் காப்பி எடுத்து வையுங்கள். கைதவறி அப்டேட் ஆனாலும் திரும்பிவிடலாம். இன்னொரு கேம் கடையான ஜிஓஜியில் தானியங்கி அப்டேட்டை அணைக்கவும் முடியும், பழைய வெர்ஷனுக்குத் திரும்பவும் முடியும். மோட் போடுகிறவர்களுக்கு அது பெரிய வசதி.

செத்துப்போவது எல்லா மோடும் அல்ல என்பதையும் கவனியுங்கள். டெக்ஸ்சரும் சாதாரணப் பிளக்-இன்னும் பெரும்பாலும் தப்பிவிடும். விழுவது டிஎல்எல் வகை. அவை கேம் புரோகிராமின் உள்ளே இன்ன முகவரியில் இன்ன வேலை நடக்கிறது என்று குறித்துவைத்துக்கொண்டு அங்கே கைவைப்பவை. புரோகிராமை மறுபடி கம்பைல் செய்தாலே முகவரிகள் எல்லாம் நகர்ந்துவிடும். 2021 நவம்பரில் ஸ்கைரிமின் ஆனிவர்சரி எடிஷனோடு வந்த 1.6 வெர்ஷனில் நடந்தது அதுதான். ஆட்டத்தில் பெரிய மாற்றமே இல்லை, ஆனால் எஸ்கேஎஸ்ஈயை நம்பிய மோட்கள் வரிசையாக விழுந்தன.

கே: மைன்கிராஃப்ட் மோட்பேக் திணறுகிறது. 16 ஜிபி ராமில் 14-ஐ ஒதுக்கியும் பயனில்லை.

ப: 14 கொடுத்ததுதான் தப்பு. ஜாவா, வேண்டாத டேட்டாவைச் சேர்த்துவைத்து அவ்வப்போது பெருக்கும். இடம் பெரிதானால் குப்பையும் பெரிதாகும், பெருக்கும்போது நிற்கும் நேரமும் நீளும். விண்டோஸுக்கு மிஞ்சியதோ 2 ஜிபி. அது டிஸ்க்கை ராமாகப் பயன்படுத்தத் தொடங்கிவிடும். கனமான மோட்பேக்குக்கு 6 முதல் 8 ஜிபி, லேசானதற்கு 4 ஜிபி வையுங்கள். பிறகு ஜாவா வெர்ஷனைப் பாருங்கள்: மைன்கிராஃப்ட் 1.16 வரை ஜாவா 8, 1.18 முதல் 17, 1.20.5 முதல் 21. ஃபோர்ஜ் என்ற மோட் லோடருக்கான மோடை ஃபேப்ரிக் என்ற லோடரில் போட்டால் ஓடாது, மறுபக்கமும் அப்படியே. இதைச் சொல்லத் தேவையில்லை என்றுதான் நினைத்தோம். வந்த கேள்விகளைப் பார்த்தால் தேவை போலிருக்கிறது.

கே: மோட் வழியாக வைரஸ் வருமா?

ப: வரும், வந்திருக்கிறது. 2023 ஜூனில் 'ஃப்ராக்சரைசர்' என்ற தீய நிரல், கர்ஸ்ஃபோர்ஜிலும் பக்கிட் தளத்திலும் இருந்த மைன்கிராஃப்ட் மோட்களுக்குள் புகுந்தது. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளைத் திருடியதோடு, கம்ப்யூட்டரில் கண்ட மற்ற ஜார் ஃபைல்களிலும் தன்னை நுழைத்துக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று, ஸ்லே த ஸ்பையருக்கான டவுன்ஃபால் என்ற நல்ல பெயரெடுத்த ரசிகர் விரிவாக்கத்தின் ஸ்டீம் வெளியீட்டையே யாரோ கைப்பற்றி, திருட்டு நிரலை அப்டேட்டாக அனுப்பினார்கள். இரண்டிலும் மோட் செய்தவர்கள் குற்றமற்றவர்கள். அவர்களுடைய கணக்குதான் களவு போனது. "நம்பகமான ஆள் செய்தது" என்ற ஒரே காரணம் போதாது என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

ஃபைலின் வகையைப் பார்த்து அபாயத்தை அளக்கலாம். எக்ஸ்ஈ, டிஎல்எல், ஜார் மூன்றும் முழுப் புரோகிராம்கள். உங்கள் கம்ப்யூட்டரில் நீங்கள் செய்ய முடிந்த எதையும் அவையும் செய்யும். பிஎன்ஜி, டிடிஎஸ், ஜேசன் போன்றவை வெறும் டேட்டா. இடையில் இருப்பவை, கேமுக்குள்ளேயே கட்டுப்பாட்டோடு ஓடும் ஸ்கிரிப்ட்கள்: ஸ்கைரிமின் பாப்பிரஸ், ஃபேக்டோரியோவின் லூவா மாதிரி. டெக்ஸ்சர் மோட் என்று சொல்லிவிட்டு உள்ளே ஒரு எக்ஸ்ஈ இருந்தால் அப்படியே அழித்துவிடுங்கள். முதல் வகை மோட்களில் புது அப்டேட்டை வெளியான அன்றே போடாமல் ஒரு வாரம் விடுங்கள். வில்லங்கம் இருந்தால் பெரும்பாலும் அதற்குள் சத்தம் கிளம்பிவிடும்.

கே: ஆன்லைனில் ஆடும் கேமில் மோட் போட்டால் தடை விழுமா?

ப: விழும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஏமாற்றுத் தடுப்பு நிரலுக்கு உங்கள் நோக்கம் தெரியாது. கேமின் மெமரியில் அந்நிய டிஎல்எல் ஒன்று இருக்கிறது என்பது மட்டுமே தெரியும். வால்வின் ஏமாற்றுத் தடுப்பு நிரலான வேக் போடும் தடை விழுந்தால் முறையீட்டுக்கு இடமில்லை. நல்ல மோட்கள் இதை முன்கூட்டியே யோசித்துவிடுகின்றன. எல்டன் ரிங்குக்கான சீம்லெஸ் கோ-ஆப், ஏமாற்றுத் தடுப்பு ஓடாமல் தனி லான்ச்சரில் திறந்து, அதிகாரபூர்வ சர்வர் பக்கமே போகாமல், சேவையும் வேறு எக்ஸ்டென்ஷனில் எழுதுகிறது. மோட் போட்ட சேவும் போடாத சேவும் கலக்கவே வழியில்லை. உங்கள் கேமுக்கு அப்படி ஒன்று இல்லையென்றால் ஆன்லைனுக்கு மோட் இல்லாத தனிப் பிரதி வையுங்கள்.

கே: மோட் செய்பவர்கள் பணம் கேட்பது நியாயமா?

ப: கேட்பது நியாயம். வாங்கித்தரும் முறையில்தான் இடிக்கிறது. 2015 ஏப்ரல் 23 அன்று ஸ்டீமில் ஸ்கைரிம் மோட்களை விலைக்கு விற்க வழி திறந்தார்கள். விலையில் மோட் செய்தவருக்கு 25 சதவீதம், மீதி ஸ்டீமை நடத்தும் வால்வுக்கும் ஸ்கைரிமைச் செய்த பெதஸ்டாவுக்கும். எதிர்ப்பு கிளம்பி 27-ம் தேதியே மூடிவிட்டார்கள்.

25 சதவீதம் குறைவு என்பது ஒரு கோபம். ஆனால் அதைவிட ஆழமான சிக்கல், மோட்கள் ஒன்றின் தோளில் ஒன்று நிற்பவை என்பது. ஒருவர் செய்த அனிமேஷன், இன்னொருவர் செய்த மெனு, மூன்றாமவரின் ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டர், எல்லாம் இலவசம் என்ற நம்பிக்கையில் பகிர்ந்தவை. மேலே நிற்பவர் மட்டும் விலை வைத்தால் கீழே இருப்பவருக்கு என்ன பங்கு? அதற்கு யாரிடமும் பதில் இருக்கவில்லை. இன்னொன்று பொறுப்பு. இலவச மோட் உடைந்தால் பெருமூச்சு விட்டுப் போய்விடலாம். காசு கொடுத்தது அடுத்த அப்டேட்டில் உடைந்தால் யார் சரிசெய்வது?

முழு கேமாக வளர்த்து விற்பதுதான் இதுவரை கண்ட சுத்தமான வழி. கேரிஸ் மோட் 2004-ல் இலவசம், 2006-ல் விலைக்கு வந்தது. 2015-ல் ஸ்கைரிம் மோடாக வந்த த ஃபர்காட்டன் சிட்டி, 2021-ல் வேறு இன்ஜினில் தனி கேம் ஆனது. அதுவரைக்கும் நன்கொடைதான். ஒரு மோடை ஐம்பது மணி நேரம் பயன்படுத்திவிட்டு ஒரு நன்றி வரிகூட எழுதாமல் இருப்பதை நாங்கள் நியாயப்படுத்த மாட்டோம்.

கே: நான் உண்டாக்கிய மோட் எனக்குச் சொந்தமா?

ப: முழுசாக இல்லை. அமெரிக்காவில் 1998-ல் ஒரு தீர்ப்பு வந்தது. டியூக் நியூகெம் 3டி-க்கு ஆட்டக்காரர்கள் செய்த மேப்களைத் தொகுத்து மைக்ரோ ஸ்டார் என்ற நிறுவனம் சிடியில் விற்றது. அந்த மேப் ஃபைல்களில் மூல கேமின் படம் ஒன்றுகூட இல்லை. இருந்தும் அதே கதையின் தொடர்ச்சி என்பதால் அவை உரிமை மீறல் என்றது நீதிமன்றம். இன்று பெரும்பாலும் கேமோடு வரும் ஒப்பந்தமே முடிவு செய்துவிடுகிறது. 2020-ல் வார்கிராஃப்ட் 3 ரீஃபோர்ஜ்டோடு வந்த விதிகளில், ஆட்டக்காரர்கள் உண்டாக்கும் கஸ்டம் கேம்கள் எல்லாம் வார்கிராஃப்டைச் செய்த பிளிஸார்டுக்கே சொந்தம் என்று எழுதிவிட்டார்கள். டோட்டா கைநழுவிப் போனதன் தழும்பு அது. எனவே புதுக் கதை, புது உருவம், புது இசை என்று நீங்கள் சொந்தமாகச் செய்தவற்றின் மூல ஃபைல்களைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்குத் தனி கேமாக மாற்ற அவைதான் கைகொடுக்கும்.

கே: பிடித்த கேமின் வசனங்களைத் தமிழாக்கி மோடாக வெளியிட ஆசை. ஃபான்டை மாற்றியும் எழுத்துகள் உடைந்து தெரிகின்றன. வழி உண்டா?

ப: உண்டு. முதலில் ஏன் உடைகிறது என்று பார்ப்போம். யூனிகோடில் 'கெ' என்பது க, அதன்பின் ஒற்றைக் கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையில் கொம்பு முன்னால் வரவேண்டும். 'கொ' இன்னும் மோசம்: ஒரே குறி இரண்டாகப் பிரிந்து மெய்க்கு இருபுறமும் உட்கார வேண்டும். 'மு', 'டு' எல்லாம் சேர்ந்து புது வடிவம் எடுக்க வேண்டும். இந்த அடுக்கும் வேலையைச் செய்வது ஃபான்ட் மட்டுமல்ல, ஹார்ஃப்பஸ் போன்ற ஒரு ஷேப்பிங் நிரல். கோடோ 4, அன்ரியல் என்ற கேம் இன்ஜின்கள் இரண்டிலும் அது உண்டு. யூனிட்டி இன்ஜினில் செய்த கேம்களில் எழுத்தைக் காட்டப் பரவலாகப் பயன்படும் டெக்ஸ்ட்மெஷ் புரோவில் இல்லை. எழுத்துகளைப் படமாகவே வைத்திருக்கும் பிட்மேப் ஃபான்ட் பயன்படுத்தும் கேம்களிலும் இருக்காது. அங்கே எத்தனை நல்ல ஃபான்ட் போட்டாலும் கொம்பு தப்பான பக்கம்தான் நிற்கும்.

வழி, அடுக்கும் வேலையை கேமுக்கு முன்பே நாம் முடித்துக் கொடுப்பது. பாமினி மாதிரிப் பழைய எழுத்துருக்களில் கொம்பு தனி எழுத்தாக, கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே டைப் செய்யப்படும். யூனிகோட் உரையை பாமினிக்கு மாற்றி, கேமில் பாமினி ஃபான்டைப் போட்டால் ஷேப்பிங் தேவையே இல்லை. ஆனால் இரண்டு தொல்லைகள். பாமினி ஆங்கில எழுத்துகளின் இடங்களை எடுத்துக்கொள்வதால், ஆட்டக்காரரின் பெயர், கீபோர்டு பட்டன் பெயர் எல்லாம் தமிழ்க் கிறுக்கலாகிவிடும். அடுத்து, பல கேம்கள் தலைப்புகளைத் தாமாகவே பெரிய எழுத்துக்கு மாற்றும். பாமினியில் சின்ன எழுத்தும் பெரிய எழுத்தும் வேறு வேறு தமிழ் எழுத்துகள். வசனம் சரியாக இருந்து தலைப்பு மட்டும் உளறினால் காரணம் இதுதான்.

எங்கள் பரிந்துரை டேஸ்16 முறை. அது யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் 247 எழுத்துகளுக்கும் கிரந்தத்துக்கும் தனித்தனி இடம் கொடுத்திருக்கிறது. ஓர் எழுத்துக்கு ஒரு வடிவம் என்பதால் பிரிப்பதும் சேர்ப்பதும் இல்லை. ஆங்கிலமும் தொடப்படாமல் இருக்கும். ஃபான்ட் அட்லஸ் (எழுத்து வடிவங்களை அடுக்கிவைத்த படம்) தயாரிக்கும்போது அந்தப் பகுதியையும் சேர்க்க மறக்காதீர்கள். மறந்தால் கட்டங்களாகத் தெரியும். 256 எழுத்து மட்டுமே கொள்ளும் பழைய கேம்களில் இது நடக்காது. அங்கே பாமினிதான். ஸ்டார்டியூ வேலியில் 1.5.5 முதல் புது மொழியை மோடாகவே சேர்க்கலாம். அது பிஎம்ஃபான்ட் வடிவில் ஃபான்ட் கேட்கும். இந்த முறைக்குத் தோதானது.

மொழிபெயர்ப்பிலும் ஒரு கண்ணி. கேம் "ஐ எடுத்தாய்" என்பதோடு ஒரு பொருளின் பெயரை ஒட்டி வாக்கியம் கட்டும். தமிழில் வேற்றுமை உருபு பெயரோடு கலந்து 'வாள்' 'வாளை' ஆகிவிடும், கேமுக்கு அது தெரியாது. 'வாள்ஐ எடுத்தாய்' என்று வந்து நிற்கும். பெயர் மாறாமல் நிற்கும்படி வாக்கியத்தைத் திருப்புங்கள்: "கிடைத்தது: வாள்". ஆங்கிலத்துக்கு அளந்த பெட்டிக்குள் தமிழ் அடங்காது என்பதையும் எதிர்பார்த்து, மெனு சொற்களை முதலில் மொழிபெயர்த்து திரையில் சோதியுங்கள். ஐயாயிரம் வரி முடித்தபின் பெட்டி போதவில்லை என்று தெரிவதைவிட அது நல்லது.

கே: நிரல் எழுதத் தெரியாது. முதல் மோட் எங்கிருந்து தொடங்கலாம்?

ப: ஸ்டார்டியூ வேலியில் பூனையின் நிறத்தை மாற்றுங்கள். கேலியாகச் சொல்லவில்லை, ஒரு மாலையில் முடிந்துவிடும்.

ஸ்டார்டியூவில் மோட்களை ஏற்றும் எஸ்மாப்பியையும், நிரல் எழுதாமலே மாற்றம் செய்ய உதவும் கன்டென்ட் பேட்சர் மோடையும் நிறுவுங்கள். கேமின் படங்களைப் பிரித்தெடுக்க ஸ்டார்டியூ எக்ஸ்என்பி ஹேக் என்ற கருவியை கேம் ஃபோல்டரில் வைத்து ஓட்டினால், பிரித்த ஃபைல்கள் பக்கத்திலேயே ஒரு ஃபோல்டரில் விழும். அனிமல்ஸ் ஃபோல்டரில் கேட் என்ற பிஎன்ஜியை எடுத்து வண்ணம் மாற்றுங்கள். படத்தின் அளவை மாற்றாதீர்கள், பின்னணி ஒளிபுகுவதாகவே இருக்கட்டும். சில வரைகலை ஆப்கள் சேமிக்கும்போது வெள்ளைப் பின்னணி நிரப்பிவிடும். பூனை வெள்ளைப் பெட்டியோடு நடந்தால் அதுதான் நடந்திருக்கிறது.

பிறகு மோட்ஸ் ஃபோல்டருக்குள் ஒரு புது ஃபோல்டர். அதில் உங்கள் படமும் இரண்டு ஜேசன் ஃபைல்களும். மேனிஃபெஸ்ட் என்பதில் மோட்டின் பெயர், உங்கள் பெயர், வெர்ஷன், விவரம், வேறு யாருக்கும் இல்லாத ஓர் அடையாளம், இது கன்டென்ட் பேட்சருக்கானது என்ற குறிப்பு. கன்டென்ட் என்பதில் ஃபார்மட் எண்ணும் ஒரே ஒரு மாற்றமும்: செயல் 'எடிட் இமேஜ்', இலக்கு அனிமல்ஸ் கேட், உங்கள் படத்தின் பெயர். இலக்கில் ஃபைல் எக்ஸ்டென்ஷனையோ முன்னால் கன்டென்ட் ஃபோல்டரின் பெயரையோ சேர்க்கக்கூடாது. சேர்த்தால் பழைய பூனையே வரும். வேர்டு ஆப்பில் டைப் செய்தால் மேற்கோள் குறிகள் வளைந்துவிடும், ஜேசன் அதை ஏற்காது. நோட்பேட் போதும். எஸ்மாப்பியின் கறுப்புத் திரையில் சிவப்பு வரி வந்தால், அதில் சொல்லும் வரி எண்ணுக்கு முந்தைய வரியில் காற்புள்ளி விட்டுப்போயிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கே: ஒரு மோடில் பிழை இருப்பதாக எழுதினால் செய்தவர் பதிலே போடுவதில்லை. என்ன செய்வது?

ப: "வேலை செய்யவில்லை" என்று எழுதியிருப்பீர்கள். அதை வைத்து அவரால் ஒன்றும் செய்ய முடியாது. எழுத வேண்டியவை இவை: கேம் வெர்ஷன், மோட் வெர்ஷன், எந்த லோடர், அதன் வெர்ஷன். என்ன செய்தபோது, எதிர்பார்த்தது என்ன, நடந்தது என்ன. புது ஆட்டத்தில் அந்த மோடும் அதற்குத் தேவையானவையும் மட்டும் இருக்கும்போதும் நடக்கிறதா. கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். அந்தச் சோதனையில் பாதிக் குற்றச்சாட்டுகள் வேறு மோட் மேல் போய்விடும். லாக் ஃபைலை ஸ்கிரீன்ஷாட்டாக அல்ல, முழு உரையாக இணையுங்கள். ஸ்டார்டியூ என்றால் எஸ்மாப்பியின் லாக் பக்கத்தில் ஏற்றி இணைப்பை மட்டும் கொடுத்தால் போதும், மோட் பட்டியலும் வெர்ஷன்களும் அதிலேயே இருக்கும். நடந்ததை மறுபடி நடத்திக்காட்டும் சேவ் ஃபைல் ஒன்று கொடுக்க முடிந்தால் பதில் வரும் வாய்ப்பு இன்னும் அதிகம்.